நின்ற வெள்ளம், வந்த வெள்ளம்

1

நாங்கள் வீடு வாங்கி இந்த மாதத்தோடு ஒரு வருடம். ஊரில் இருப்பவர்கள் கேக் வெட்டினீர்களா என்று கேட்கிறார்கள். வெட்டவில்லை. கேக்குக்குப் பதிலாகக் காப்புறுதி நிறுவனம் எங்களுக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்து, மகள் ஷெரின் சாப்பாட்டு மேசையில் லப்டொப்பைத் திறந்து அதை மறுபடி வாசித்தாள். கடந்த ஒரு வருடத்தில் உங்கள் வீடோ வளவோ வெள்ளத்தால் பாதிக்கப்பட்டதா? ஓம் என்று ஒரு கட்டம், இல்லை என்று ஒரு கட்டம். ஓம் என்றால் அடுத்த வருடத்துக்குக் காப்புறுதி கிடைக்காமலே போகலாம். காப்புறுதி இல்லாத வீட்டைப் பார்த்துக்கொண்டு, கடன் தந்த வங்கி சும்மா இராது. இல்லை என்றால் ஒரு பிரச்சினையும் கிடையாது, அது பொய் என்பதைத் தவிர.

"ஜஸ்ட் ஸே நோ, அப்பா," என்றாள் ஷெரின்.

வெள்ளம் என்ற இந்த ஒற்றைச் சொல்லால் நான் இந்த நாட்டில் ஏற்கெனவே இரண்டு தடவை மாட்டுப்பட்டவன். மூன்றாவது தடவை வாயைத் திறப்பதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தது. யோசித்ததை உங்களுக்கு எழுதுகிறேன். சிட்னியில் வீடு வாங்கியவன் எல்லாம் ராசா என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் கட்டாயம் வாசிக்க வேண்டும்.

2

சிட்னியின் நார்த்மீட்டில் மேட்டுப்பக்கம், பள்ளப்பக்கம் என்று இரண்டு உண்டு. எந்தப் பெயர்ப்பலகையிலும் அப்படி எழுதியிராது. விலையைக் கேட்டால் தெரியும். நாங்கள் அங்கே வாடகைக்கு இருந்த காலம் முழுவதும் மேட்டுப்பக்கத்து வீடுகளைச் சும்மா பார்த்துவிட்டு வருவோம், நகைக்கடைக் கண்ணாடியைப் பார்ப்பது போல. ஒருநாள் பள்ளப்பக்கத்தில், ஓடைக்கு இரண்டு வளவு தள்ளி, ஒரு பழைய வீடு எங்கள் கைக்கு எட்டும் விலையில் வந்தது. ஏன் எட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. மாதாவின் கிருபை என்று என் மனைவி ஜெசிந்தா சொன்னாள். நானும் தலையாட்டினேன்.

வீட்டைக் காட்டிய ஏஜென்ட் இளம் பொடியன். கூர்ச் சப்பாத்து. காற்சட்டை கணுக்காலுக்கு மேலேயே நின்றுவிட்டது, தண்ணீருக்குள் இறங்கத் தயாராக வந்தவன் போல. அதையாவது நான் ஒரு அறிகுறியாக எடுத்திருக்க வேண்டும். அவனுடைய விளம்பரத்தில் அந்த ஓடைக்குப் பெயர் 'அமைதியான இயற்கைச் சூழல்'. ஒப்பந்தத்தோடு இணைத்திருந்த, நகரசபையான கவுன்சிலின் பத்திரத்தில் அதே ஓடையால் எங்கள் காணி 'வெள்ளக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டது'. காப்புறுதிக்காரர்களிடம் போனால் அதுவே 'உயர் ஆபத்து'. ஓடை ஒன்றுதான். விற்கும்போது ஒரு குணம், வாங்கியபின் வேறு குணம்.

அந்தக் கவுன்சில் பத்திரத்தைப் போல ஒரு எழுத்தை நான் கண்டதில்லை. வெள்ளம் வரும் என்று அது சொல்லவில்லை. வராது என்றும் சொல்லவில்லை. வந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்பதை மட்டும் மிகத் தெளிவாகச் சொன்னது. ஏஜென்டிடம் காட்டினேன். அவன் கையை வீசி, அது நூறு வருடத்தில் ஒருதடவை வரும் வெள்ளம், கவலைப்படாதே என்றான். நான் ஜெசிந்தாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"அப்ப கடைசியா எப்ப வந்ததாம்?" என்று கேட்டாள் அவள். "தொண்ணூற்றொம்பது வருசத்துக்கு முந்தியெண்டா வாற வருசம் வரப்போகுது!"

ஏஜென்டுக்குத் தெரியவில்லை. ஷெரின் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள் அல்லவா, அவள் விளக்கினாள். அது அப்படி இல்லையாம். ஒவ்வொரு வருடமும் நூறில் ஒரு பங்கு வாய்ப்பாம். அடுத்தடுத்த வருடமும் வரலாமாம்.

"அப்ப என்னத்துக்கு நூறு வருசமெண்டு சொல்லினம்?"

அதற்குக் கவுன்சிலில் கேட்டாலும் பதில் இருக்காது. வாங்குகிறவன் பயப்படாமல் இருக்க வேண்டும், பிறகு வழக்குப் போடவும் கூடாது. அதற்கென்று பொறுக்கி எடுத்த கணக்கு அது.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பின்வளவில் உடுப்புக் காயப்போடும் கம்பிக்குக் கீழே தண்ணீர் தேங்கிக் கிடந்தது. "இஞ்சேருங்கோ, பின்வளவுக்க வெள்ளம் நிக்குது," என்றாள் ஜெசிந்தா. வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்றேன். அவள் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு செல்ஃபி எடுத்து மன்னாரில் இருக்கும் தங்கைக்கு அனுப்பினாள். வாங்காத வீட்டின் படத்தை அனுப்பாதே என்று நான் ஏசியதும் அன்றுதான்.

ஏலத்தில் எங்களோடு போட்டிக்கு நின்றவர்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். மேட்டுப்பக்கத்தில் இருந்து வந்தவர்கள்போல, எல்லோருக்கும் ஏதோ தெரிந்த முகம். எங்கள் விலைக்கே சுத்தியல் விழுந்தது. இந்த ஊரில் ஏலத்தில் எடுத்த வீட்டைத் திருப்பிக் கொடுக்க முடியாது. இத்தனை வருடச் சேமிப்பும் முற்பணமாக அங்கேயே போய்விட்டது.

3

எங்களுக்கு வங்கிக் கடன் எடுத்துத் தந்த புரோக்கர் கார்த்திக், திருச்சிக்காரர். நல்ல பிள்ளை. மறுநாளே தொலைபேசியில் வந்தார். "அண்ணா, இன்சூரன்ஸ் பேப்பர் மட்டும் அனுப்பிடுங்க. அது இல்லாம பேங்க் பணம் ரிலீஸ் பண்ணாது. மீதிப் பணம் கட்டிச் சாவி வாங்குற செட்டில்மென்ட் தேதிக்குள்ள வேணும், இல்லன்னா கட்டின முன்பணமும் போயிடும்."

அன்றுதான் நான் இந்தக் காப்புறுதி என்ற சமாச்சாரத்தை முதன்முதலாக நிமிர்ந்து பார்த்தேன். இணையத்தில் விலாசத்தை அடித்தால் விலை வரும் என்றார்கள். அடித்தேன். வந்த விலையைப் பார்த்து, யாருடைய மாளிகையையோ கேட்டுவிட்டேனோ என்று விலாசத்தைத் திரும்பச் சரிபார்த்தேன். வெள்ளத்துக்கான பாதுகாப்பு வேண்டாம் என்று ஒரு கட்டத்தில் இருந்த சரிக்குறியை எடுத்தால் விலை மனிதர்கள் வாங்கும் விலைக்கு இறங்கியது. அதாவது, யாருடைய வீட்டுக்கு வெள்ளம் வருமோ அவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் வெள்ளக் காப்புறுதி மலிவு. மேட்டில் குந்தியிருப்பவனுக்கு அதை வாழ்த்து மடல் போல இனாமாகக் கொடுக்கிறார்கள். மழைக்குக் குடை விற்கிறவன், மேகத்தைக் கண்டதும் கடையைப் பூட்டுவது போலத்தான் இந்த வியாபாரம்.

வெள்ளம் இல்லாத காப்புறுதியையே எடுப்போம் என்று முடிவு செய்தேன். வங்கிக்கு அது போதுமாம். ஆனால் கடைசிப் பக்கத்தில், எங்களை அழையுங்கள் என்று வந்தது. அழைத்தேன். ஒரு பெண்பிள்ளை எடுத்தாள். இனிமையான குரல். பெயர், பிறந்த திகதி, கூரை ஓடா தகரமா எல்லாம் கேட்டுக்கொண்டு வந்தவள் கேட்டாள், உங்களுக்குத் தெரிந்தவரை அந்த வளவில் எப்போதாவது வெள்ளம் இருந்ததா?

நான் நேர்மையாகப் பதில் சொன்னேன். "யெஸ். வென் ரெயினிங், ஃபிளட் இஸ் ஸ்டாண்டிங் இன் த பக்யார்ட்."

"ஸ்டாண்டிங்?"

"யெஸ். லிட்டில் ஸ்டாண்டிங். ஆஃப்டர், கோயிங்."

எங்கள் பக்கத்தில் வெள்ளம் என்றால் என்ன என்பது உங்களுக்குத் தெரியும். மழை பெய்து முற்றத்தில் நாலு விரல்கடை தண்ணீர் நின்றாலும் வெள்ளம்தான். வெள்ளத்துக்குள் விளையாடாதே, வெள்ளத்தை மிதிக்காதே, கால் கடிக்கும் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். வெள்ளத்துக்கு ஆங்கிலம் ஃபிளட் என்று பள்ளிக்கூடத்தில் படித்தேன். பரீட்சையில் சரி போட்டார்கள். அதன்பின் யாரும் திருத்தவில்லை.

விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு அந்த இனிமையான குரல், உண்மையை வெளிப்படுத்தியதற்கு நன்றி சொல்லி, உங்களுக்குக் காப்புறுதி தர இயலாது என்றது. நான் அடுத்த நிறுவனத்தை அழைத்தேன். அங்கே முதற்கேள்வியே, வேறு யாராவது உங்களுக்குக் காப்புறுதி மறுத்ததுண்டா என்பது. உண்டு என்றேன். அவர்களும் மறுத்தார்கள். அதற்கடுத்ததும் அப்படியே. அவன் வேண்டாம் என்றதால் இவன் வேண்டாம் என்கிறான், இவன் வேண்டாம் என்றதால் மற்றவன். ஒருவன்கூட வீட்டை வந்து பார்க்கவில்லை.

கார்த்திக் தலையில் கைவைத்தார். "ஏன் அண்ணா ஃபிளட்னு சொன்னீங்க?"

"வெள்ளம் நிக்கிறதைத்தானே தம்பி சொன்னனான்."

"எங்க ஊர்ல அதுக்குத் தண்ணி தேங்கியிருக்குன்னு சொல்வோம்ணா!"

ஷெரின் அறையில் இருந்து வெளியே வந்தாள். "அப்பா, தட்ஸ் எ படில்! நொட் எ ஃபிளட்!"

படில். தேங்கிய மழைத்தண்ணீருக்கு இந்த நாட்டில் தனியாக ஒரு சொல் இருக்கிறது. இத்தனை வருடமாக ஒருத்தரும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை. குடியுரிமைப் பரீட்சையில் கொடியின் நிறம் கேட்டார்கள், படில் கேட்கவில்லை.

4

இது நான் சொன்ன இரண்டாவது தடவை. முதலாவது தடவை வீடு இல்லை, நான்தான் விசாரணையில் இருந்தேன்.

வந்த புதிதில், ஒரு சிறிய அறையில் குடிவரவு அதிகாரி ஒருவர் எனக்கு முன்னால். மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் ஒரு குரல். இந்தியத் தமிழர் என்று பேச்சில் தெரிந்தது. எப்படி வந்தாய் என்று கேட்டார்கள். "வள்ளத்தில வந்தனான்," என்றேன். மன்னாரில் கடலில் போவது வள்ளம். படகு என்று சொல்லியிருந்தால் தப்பியிருப்பேன்.

"வெள்ளத்துலயா?" என்றது குரல்.

"ஓம், வள்ளத்தில."

வெள்ளத்தில் வந்தார் என்று எழுதப்பட்டது. வேறொரு நாள், வேறொரு அதிகாரி, நீ ஏன் கதையை மாற்றுகிறாய் என்று கேட்டார். முதலில் வெள்ளத்தில் வந்ததாகச் சொன்னாயாம், இப்போது படகு என்கிறாயாம், எது உண்மை? அது வள்ளம், வெள்ளமில்லை என்று நான் விளக்கினேன். இந்த முறை இருந்த மொழிபெயர்ப்பாளர் சிரித்துவிட்டார். அதிகாரி சிரிக்கவில்லை. பதிவு செய்த வாக்குமூலத்தை மாற்றினால் அது முரண்பாடாம். வில்லாவுட் தடுப்பு முகாமின் கம்பி வேலிக்குள் இருந்த காலம் முழுவதும் அந்த முரண்பாடு என் கோப்புக்குள் என்னோடு இருந்தது. கடைசியில் விசா கிடைத்தது. ஜெசிந்தாவும் குழந்தை ஷெரினும் பிறகு விமானத்தில் வந்தார்கள். அவர்களிடம் யாரும் எப்படி வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

அங்கே நான் கற்றது ஒன்று. முதலில் சொன்னதை மாற்றாதே. உள்ளதைச் சொல், சொன்னதையே சொல். என் நேர்மையைப் பற்றி இங்குள்ள நண்பர்கள் மேடையில் எல்லாம் பேசியிருக்கிறார்கள். அது நேர்மை இல்லை, பழக்கிவிட்ட பழக்கம்.

ஆகவே காப்புறுதிக்காரர்களுக்கு ஷெரின் அழைத்து, அப்பா தவறாகச் சொல்லிவிட்டார் என்றபோது, மறுமுனையில் இருந்தவர் முன்பு சொன்னதற்கும் இதற்கும் முரண்பாடு இருக்கிறது என்று ஆரம்பித்தார். கதிரையில் இருந்துவிட்டேன். முற்பணம் போனது போனதுதான் என்று நினைத்தேன்.

ஆனால் பிள்ளை விடவில்லை. மேலாளரைத் தரும்படி கேட்டாள். ஒரு வயதான பெண்குரல் வந்தது. மனிதக் குரல். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று ஷெரின் விளங்கப்படுத்தினாள். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பெண் கேட்டாள். ஓடையில் இருந்தா, வானத்தில் இருந்தா?

இந்த நாட்டில் வெள்ளத்துக்கு அரசாங்கமே வரைவிலக்கணம் எழுதி வைத்திருக்கிறது. ஆறோ ஓடையோ கரையைத் தாண்டி வந்தால் வெள்ளம். நேரே வானத்தில் இருந்து விழுந்து ஓடினால் அது மழைத்தண்ணீர். அதே தண்ணீர், அதே சேறு, அதே நனைந்த மெத்தை. வானத்தால் வந்ததற்கு மரியாதை, தண்ணீர் வழியாக வந்ததற்குக் கதவடைப்பு. வந்த வழிதான் கணக்கு. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஊரில் வெள்ளத்துக்குப் பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்த நாட்களில், ஊர் அதிகாரியான கிராமசேவகர் வந்து எத்தனை பேர் என்று மட்டும்தான் கேட்டார். அவர் பசிக்குத் தந்த பாணும் காய்ந்த பாண்தான், பெரிதாகப் புகழ ஒன்றுமில்லை. ஆனாலும் எந்தப் பக்கத்தால் வந்த வெள்ளம் என்று அவர் கேட்கவில்லை.

ஆதாரமாகப் படம் ஏதும் உண்டா என்று அந்தப் பெண் கேட்டாள். குசினியில் சமைத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா ஓடி வந்தாள். தங்கைக்கு அனுப்பிய அந்தச் செல்ஃபி! உடுப்புக் கம்பியைப் பிடித்தபடி பல்லெல்லாம் தெரியச் சிரிக்கும் ஜெசிந்தா, அவள் காலடியில் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு வெள்ளம். அதை அனுப்பினோம். படத்தைப் பார்த்துவிட்டு, அது படில்தான் என்று ஒப்புக்கொண்டார்கள். வெள்ளம் தவிர்ந்த காப்புறுதி கிடைத்தது. கார்த்திக் மூச்சுவிட்டார். சாவி கைக்கு வந்தது. செல்ஃபிக்கு ஏசியதற்காக ஜெசிந்தா இன்றுவரை என்னைச் சும்மா விடவில்லை.

5

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

போன மாதம் விடாமல் மழை. முதலில் கம்பிக்குக் கீழே வழக்கமான வெள்ளம் நின்றது. அதை நாங்கள் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலை ஓடைப் பக்கத்து வேலியின் அடியால் இன்னொரு தண்ணீர் வந்தது. மண்ணிறமாக, சத்தமில்லாமல். உடுப்புக் கவ்விகள் இருந்த வாளியைக் கொண்டுபோனது, யாருடையதோ குப்பைத்தொட்டி மூடியைக் கொண்டுவந்து வைத்தது. பின்வாசல் கடைசிப் படிவரை ஏறிற்று. நாங்கள் மூவரும் குசினிக் கதவடியில் நின்று பார்த்தோம். எனக்குப் பயமாக இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது? படியில் நின்று யோசித்துவிட்டு அது மெதுவாகத் திரும்பிப் போனது. வீட்டுக்குள் வரவில்லை.

அதனால்தான் இல்லை என்று போடச் சொல்கிறார்கள். கார்த்திக்கும் அதைத்தான் சொன்னார். "கார்டன்ல தானே அண்ணா வந்துச்சு. யாரு பாக்கப் போறாங்க? நோ போட்டுட்டுப் போயிட்டே இருங்க." தேவாலயத்தில் நாங்கள் கேட்ட எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். பள்ளப்பக்கத்தில் அத்தனை பேரும் இல்லை என்று போட்டிருக்கிறார்களாம். கவுன்சில் வரைபடத்தில் நீல நிறம், காப்புறுதிக் கடதாசியில் ஒரு துளி ஈரமில்லை.

ஷெரின் விரலை 'இல்லை'க்கு மேலே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு, வழக்கமாக எனக்கு ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், தமிழில் கேட்டாள்.

"அப்பா, வெள்ளம் நிண்டதா, வந்ததா?"

நான் திகைத்துப் போனேன். எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். பிள்ளை அதைக் கேட்டுக் கேட்டே கண்டுபிடித்துவிட்டாள். சொல் ஒன்றுதான். ஆனால் நின்றால் ஒன்று, வந்தால் வேறொன்று. படில் என்ற சொல் எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.

"வந்தது," என்றேன்.

"ஆர் யூ ஷுவர்?"

"நீயும்தானே பாத்தனி. வந்தது. ஓம் எண்டு போடு."

போட்டாள். உடனே அடுத்த கேள்வி குதித்தது. தண்ணீர் எந்த வழியாக வந்தது? அவள் அதை வாசித்ததும் ஜெசிந்தா குசினியில் இருந்து, "அவையளுக்கு எப்பவும் அதுதான் கேள்வி," என்றாள். ஷெரின் ஓடை என்பதைத் தெரிவு செய்தாள். எங்களை அழையுங்கள் என்றது திரை.

அழைத்து, தொலைபேசியை மேசையில் வைத்தாள். காத்திருக்கும் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, ஒரே சொல்லெண்டா, சின்னனில உங்களுக்கு எது டேஞ்சர் எண்டு எப்பிடித் தெரியும்?"

"நிண்டா விளையாடுவம். வந்தா ஓடுவம்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடியும் முன்னே மறுமுனையில் ஆள் வந்துவிட்டான். இந்தத் தடவை ஒரு ஆண். எல்லாவற்றையும் கேட்டான், விசைப்பலகையில் அடித்தான், பெருமூச்சு விட்டான், யாரிடமோ போய்க் கேட்டு வந்தான். முடிவில், காப்புறுதி தொடருமாம். விலை ஏறுமாம், நல்லாகவே ஏறும். வெள்ளத்துக்கான பாதுகாப்பு இந்த விலாசத்துக்கு இனி எக்காலத்திலும் கிடையாதாம். எங்களிடம் ஒருபோதும் இருந்திராததை இப்போது எடுத்துவிட்டார்கள். நன்றி சொன்னேன். நன்றி சொல்லியே பழகிவிட்டோம்.

"ஒன் லாஸ்ட் குவெஸ்சன்," என்றான் அவன். தண்ணீர் வந்தபிறகும் நீங்கள் அந்த வீட்டில்தான் தொடர்ந்து இருக்கப் போகிறீர்களா?

எங்கள் பக்கத்தில் ஒருவன் எங்கே என்று கேட்டால், வீட்டில் நிற்கிறான் என்போம். இருக்கிறான் என்பதற்கும் அதுதான், விட்டுப் போகவில்லை என்பதற்கும் அதுதான். ஓம், இங்கேதான் நிற்கிறோம் என்று மனதில் வந்ததை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன்.

"யெஸ். வீ ஆர் ஸ்டாண்டிங்."

"ஸ்டாண்டிங்?" என்றான் அவன். நான் ஷெரினைப் பார்த்தேன். அவள் தொலைபேசிப் பக்கம் குனிந்தாள், திருத்தப் போகிறாள் என்று நினைத்தேன்.

"யெஸ்," என்றாள் அவள். "வீ ஆர் ஸ்டாண்டிங்."